சம்பந்தப்பட்டவர்: ஒருவர்

சீர்திருத்த இல்லத்தின் குளியல் கட்டுக்குள் குச்சி என்கிற பையனை அடித்தது மூன்று பேர். ஒருவன் பின்னாலிருந்து கைகளை முறுக்கிப் பிடித்தான். ஒருவன் வாயில் ஈரத் துண்டைத் திணித்தான். லீடர் அடித்தான்.

லீடர் அவசரப்படுகிற ஆள் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கூலிக்கு வந்தவன் வேலையைத் தொடங்குவதுபோலத் தொடங்கினான். விலாவில் நான்கு, வயிற்றில் இரண்டு. பிறகு தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் குழாயின் திருகில் ஒரு மோது. புருவம் பிளந்தது. ரத்தம் சோப்பு நுரையோடு கலந்து, இளஞ்சிவப்பாகி, சாக்கடைத் துவாரத்தைத் தேடிப் போனதைக் குளித்துக்கொண்டிருந்த இருபது பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு முதுகு தேய்ப்பதில் மும்முரமானார்கள்.

காரணம் என்னவென்று கேட்டால் லீடருக்கே சிரிப்பு வந்திருக்கும். குச்சி ஒல்லி, உயரம், வாய்க்கொழுப்பு. இந்த மூன்றும் சேர்ந்த ஒருவன் ஒரு கூடத்தில் இருந்தால், அவனை யாராவது அடித்துத்தானே ஆக வேண்டும்?

வார்டன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா இங்க?"

"வழுக்கி விழுந்துட்டான் சார்" என்றான் லீடர், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே.

"இது பதினோராவது தடவை. இவனுக்கு மட்டும் தரை தனியா வழுக்குது போல." வார்டன் குச்சியின் காலரைப் பிடித்துத் தூக்கினார். "நடடா. தரையில சொட்டவிடாம நட."

மருந்தறையில் கம்பவுண்டர் ஊசியில் நூலைக் கோத்தார். அறுபதை நெருங்கிய மனிதர். தையல் போடும்போது மட்டும் கண்ணாடி போடுவார். மற்ற நேரத்தில் இந்தக் கட்டடத்தில் எதையும் தெளிவாகப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து.

"மரத்துப்போற ஊசி போன மாசமே தீர்ந்துபோச்சு. பல்லைக் கடிச்சுக்க."

"கடிக்கிற பல்லுதான் சார் ஆடுது."

"அப்ப இந்தப் பக்கம் கடி. பேசாதே, புருவம் ஏறி இறங்குது."

நான்கு தையல். முடித்ததும் கம்பவுண்டர் ஒரு சீட்டு எழுதினார்: பெயர், காயம், நேரம். அந்தச் சீட்டு வார்டனிடம் போனது. வேலை நேரம் முடியும்போது வார்டன் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதினார்: 'சண்டை. சம்பந்தப்பட்டவர்: ஒருவர்.'

ஒருவர் மட்டும் சண்டை போட முடியுமா என்ற சந்தேகம் வெளியாருக்கு வரலாம். அந்தச் சீர்திருத்த இல்லத்தின் நடைமுறை தெரிந்தவர்களுக்கு வராது. பதிவேட்டில் ஒரு பெயர் எழுதினால் அது 'சம்பவம்'. ஒரு வரியோடு முடிந்தது. இரண்டு பெயர் எழுதினால் அது 'மோதல்'. மோதலுக்கு ஏழு பக்க விசாரணைப் படிவம், மூன்று நகல், இரண்டு சாட்சி, கண்காணிப்பாளர் கையெழுத்து. காலை வார்டனுக்கு வேலை முடிவது இரண்டு மணிக்கு. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆகவே கம்பவுண்டர் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அதாவது யாருக்கு ரத்தம் வந்ததோ, அவன் பெயர் மட்டும் பதிவேட்டில் ஏறும். கடந்த நான்கு ஆண்டுகளில் அந்த இல்லத்தில் ஒரு மோதல்கூட நடக்கவில்லை. ஆண்டறிக்கையில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

*

அந்தப் பதிவேட்டை நம்பி ஒருவர் எதிர்காலத்தைக் கணித்துக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் டாக்டர் என்றார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மனத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். பன்னிரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த சான்றிதழ் அவர் தலைக்குப் பின்னால், அவரைவிடப் பெரிய சட்டத்தில் தொங்கியது. விடுதலையாகிப் போகும் பையன் மறுபடி குற்றம் செய்வானா, மாட்டானா என்பதை நாற்பது கேள்விகளில் சொல்லிவிடும் அளவுகோல் ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். பத்துப் புள்ளிவரை பச்சைத் தாள்: வீட்டுக்குப் போகலாம். இருபதுவரை மஞ்சள். அதற்கு மேல் சிவப்பு. பதினெட்டு வயது நிறையும்போது பச்சை கையில் இல்லாதவன் மிச்சத் தண்டனையைக் கழிக்கப் பெரிய ஜெயிலுக்குப் போக வேண்டும். அங்கே போன பையன்களைப் பற்றி இல்லத்தில் பேசுவதில்லை. போனவர்களில் ஒருவன் மூன்றாம் மாதமே குடல் சரிந்து செத்தான் என்பதும், அவன் தாளும் டாக்டர் கையெழுத்துப் போட்டதுதான் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

குச்சிக்குப் பதினெட்டு நிறைய எழுபது நாள் இருந்தது. புருவத்தில் தையலோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தான். அவன் செய்த குற்றம் கோப்பில் இருந்தது: அக்கா புருஷனின் கையை வண்டி ஜாக்கிக் கம்பியால் அடித்து இரண்டு இடத்தில் உடைத்தது. அந்த ஆள் அக்காவின் தோளில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தியது கோப்பில் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"உன் செயலுக்காக வருந்துகிறாயா?" டாக்டர் கேள்விகளை அச்சில் இருக்கிறபடியே படிப்பார். மாற்றிப் படித்தால் அறிவியல் கெட்டுவிடும்.

"வருத்தம் இருக்கு சார்."

டாக்டரின் பேனா நிமிர்ந்தது. "எதற்காக?"

"இடது கையா போச்சு சார். அந்தாளு அடிக்கிறது வலது கையால."

டாக்டர் சற்று யோசித்து மூன்று புள்ளி போட்டார்.

"எதிர்காலத்தைப் பற்றி உன் திட்டம் என்ன?"

"வெளிய போகணும்."

"பிறகு?"

"வெளியவே இருக்கணும்."

'திட்டமிடும் திறன் குறைவு' என்று எழுதினார். இப்படியாகக் கேள்விகளில் ஒன்பது சேர்ந்தது. அதோடு பதிவேட்டிலிருந்து பதினோரு சம்பவம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி, இருபத்திரண்டு. மொத்தம் முப்பத்தொன்று. இல்லத்தின் வரலாற்றிலேயே உயர்ந்த புள்ளி. டாக்டர் அந்தத் தாளை ஒரு மிருகக்காட்சிச் சாலைக்காரர் புதுப் புலியைப் பார்ப்பதுபோலப் பெருமையோடு பார்த்தார்.

லீடருக்கு நான்கு. பழக்கடைக்காரர் ஒருவரின் காதை அறுத்துவிட்டு உள்ளே வந்தவன் அவன். பதிவேட்டில் அவன் பெயர் ஒரு முறைகூட இல்லை. அவனுக்கு எங்கே ரத்தம் வந்தது? கேள்விகளுக்கு அவன் சொன்ன பதில்களோ, அச்சுக்கு அனுப்பலாம்போல இருந்தன. "பிறருக்கு நான் ஏற்படுத்திய வலியை நினைத்தால் எனக்குள் ஏதோ உடைகிறது ஐயா" என்றான். டாக்டர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் மேலிடத்துக் குழு ஒன்று வருவதாக இருந்தது. அளவுகோலைப் பார்த்து, பிடித்துப்போனால், இன்னும் ஒன்பது இல்லங்களுக்குக் கொடுப்பதாகத் திட்டம். அன்று மேடையில் பேச லீடர் வேண்டும். அதனால் பச்சைத் தாள் வாங்கிய பிறகும் அவன் விடுதலையை டாக்டர் தள்ளிவைத்தார். அதுவரை அவன் கூடத்துக்குத் தலைவனாக இருக்கட்டும் என்றார். அவன் லீடர் ஆனது இப்படித்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். சலவைக் கூடத்தில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்றபடி துணி தேய்க்கிறவள். புருஷனை விட்டு வந்து, கூடத்துக்குப் பின்னாலேயே ஒற்றை அறை பிடித்து, தம்பிக்கும் சேர்த்து இரண்டு பாய் வாங்கிப் போட்டு வைத்திருந்தாள். தம்பியின் புருவத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"மொத்தம் முப்பத்தொண்ணும்மா. சிவப்பு" என்றார் டாக்டர். படிவத்தில் இல்லாததைப் பேசும்போது அவருக்கும் மனுஷர் பேச்சு வரும்.

"பள்ளிக்கூடத்துல முப்பத்தொண்ணு எடுத்தா பெயிலுன்னாங்க. இங்க என்ன சார் கணக்கு?"

"இங்க கம்மியா எடுத்தாதான் பாஸ்."

"அடப்பாவி. அவன் படிச்ச படிப்புக்கு இங்கதான் சேர்த்திருக்கணும்! எப்படிக் கோட்டை விட்டான்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆறு மாசத்துல பதினோரு சண்டை."

"யாரை அடிச்சான்?"

"அந்த விவரம் இதுல வராதும்மா."

"கூடச் சண்டை போட்டது யாரு?"

டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். அக்காவும் தலையைச் சாய்த்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஒருவர்... ஒருவர்... இதுவும் ஒருவர். பதினோரு தடவையும் தனியாவே சண்டை போட்டிருக்கான். தன் பல்லைத் தானே ஆட்டிக்கிட்டு, தன் புருவத்தைத் தானே கிழிச்சுக்கிட்டு. கெட்டிக்காரன்தான் சார் என் தம்பி."

"புள்ளிவிவரம் உணர்ச்சிவசப்படாதும்மா."

"தையல் போட்டுக்காதவங்களுக்கு உணர்ச்சி எதுக்கு சார்?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். உறவினர் எழுதிக் கொடுத்தால் அறுபது நாள் கழித்து மறுமதிப்பீடு செய்யலாம். கேள்விப் புள்ளி அப்படியே இருக்கும்; பதிவேட்டில் அந்த அறுபது நாளை மட்டும் பார்ப்பார்கள். அக்கா விரல்விட்டுக் கூட்டினாள். கேள்விக்கு ஒன்பது. ஒரு சம்பவம் வந்தால் பதினொன்று, மஞ்சள். ஒன்றுகூட வரக் கூடாது.

அவள் போன பிறகு டாக்டர் கதவைத் தாழிட்டு, கம்பவுண்டரின் பழைய சீட்டுகளை வரவழைத்துப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். விஷயம் புரிய ஆறு நிமிஷம் ஆனது. அளவுகோல் அடிக்கிறவனை அளக்கவில்லை; அடி வாங்குகிறவனை அளந்துகொண்டிருந்தது. இருநூற்று எண்பது கோப்பு. அதில் பெரிய ஜெயிலுக்குப் போன நாற்பத்து மூன்று பேர். டாக்டருக்கு வியர்த்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு கோப்பின் ஓரத்தில் 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதி மூடினார். படித்தவர்கள் கதவைச் சாத்துவது அப்படித்தான், சத்தமே வராது.

கீழே பார்வையாளர் கூடத்தில் அக்கா தம்பியின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அறுபது நாள்டா. அடிச்சா வாங்கிக்க. ரத்தம் வந்தா முழுங்கு. அந்த மருந்து ரூம் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே. உன் பேரு சீட்டுல ஏறக் கூடாது."

"செத்துட்டா ஏறுமாக்கா?"

"ஏறும். அதனால சாகாதே."

*

குச்சி வாங்கிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் சாக்குக்குள் சோப்புக்கட்டியைப் போட்டு முதுகில் அடித்தார்கள். அது ரத்தம் வராத அடி, கணக்கில் சேராது. ஒன்பதாம் நாள் ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது. எச்சிலோடு விழுங்கினான். பதினேழாம் நாள் கதவிடுக்கில் சுண்டுவிரலை வைத்துச் சாத்தினார்கள். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டிக்கொண்டு, தச்சுக்கூடத்தில் ஒற்றைக் கையால் பலகை தேய்த்தான். மறுநாள் மதியம் கம்பவுண்டர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அந்தப் பக்கம் உலாத்த வந்தார். மேல் அடுக்கில் ரொட்டி, கீழ் அடுக்கில் பஞ்சும் கட்டுத்துணியும்.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"யாரும் கூப்பிடல சார்."

"அப்ப எனக்குக் காது கோளாறு. கையை நீட்டுடா."

சீட்டு எழுதாமல் கட்டுப் போட்டார். முப்பது வருஷ வேலையில் அவர் செய்த முதல் குற்றம். அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் வணக்கம் வைத்தார்.

ஆனால் லீடரும் முட்டாள் இல்லை. காயம் பட்டும் மருந்தறைக்குப் போகாத ஒருவனை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. முப்பத்தெட்டாம் நாள் தச்சுக்கூடத்தில் குச்சியைச் சுவரோடு சாய்த்து, உளியின் முனையைக் கழுத்தில் வைத்தான்.

"ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு போதும். இல்ல?"

குச்சி தலையைச் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

"டேய், எல்லாரும் வந்து பாருங்கடா. நம்ம குச்சி கண்ணாடிச் சாமான். உடைஞ்சா பெரிய ஜெயிலு."

அதற்குப் பிறகு லீடர் அடிப்பதையே நிறுத்திவிட்டான். அவசியம் இல்லை. குச்சி அவன் துணியைத் துவைத்தான், கால் பிடித்துவிட்டான், அவன் துப்பிய தட்டில் சாப்பிட்டான், சொன்னபோதெல்லாம் நாய்போலக் குரைத்தான். மறுத்தால் லீடர் உளியைக்கூட எடுப்பதில்லை. தன் நகத்தை மட்டும் காட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வந்து, முகத்தில் புதுக் காயம் இல்லை என்று பார்த்து, சந்தோஷமாகப் போனாள்.

ஐம்பத்தெட்டாம் நாள் லீடர் அவன் மூக்கை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து ஆட்டினான்.

"நாளை மறுநாள் காலையில, குளிக்கிற நேரத்துல, இதை உடைக்கிறேன். அறுபதாவது நாள். அதுவரைக்கும் பத்திரமா வெச்சுக்க."

"எதுக்கு லீடர்?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான் குச்சி. "நான் போனா உனக்கு என்ன?"

லீடர் யோசித்துப் பார்த்தான். "உன்னைப் பெரிய ஜெயிலுக்கு அனுப்புனேன்னு எனக்கு ஒரு நெனப்பு இருக்குமில்ல?"

*

அறுபதாம் நாள் காலை லீடர் சட்டைக் கையை மடித்தபடி குளியல் கட்டுக்குள் வந்தான். குச்சி அவனுக்கு முன்பே வந்திருந்தான். இரும்பு வாளியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்றான்.

முதல் அடி தாடையில் விழுந்தது. வாளியின் விளிம்பு எலும்பைத் தாண்டி உள்ளே போனதுபோலிருந்தது. லீடருக்குக் கத்தத் தோன்றியது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. அவன் முழங்காலில் உட்கார்ந்து கையைத் தூக்கினான். மூன்றாவது அந்தக் கையில். கூட வந்த இரண்டு பேரில் ஒருவன் ஓடினான். இன்னொருவன் நின்ற இடத்திலேயே டவுசரை நனைத்தான். நான்காவது தோளில். லீடர் கவிழ்ந்து கிடந்து தரையில் நீந்துவதுபோலக் கையை அசைத்தான். குச்சி நிதானமாகச் சுற்றி வந்து, இடம் பார்த்து நின்று, ஐந்தாவதை வாயிலேயே இறக்கினான். பற்கள் சில்லறைபோலச் சிதறின.

பிறகு வாளியைக் குழாயடியில் வைத்துக் கழுவினான். தண்ணீர் பிடித்தான். குளிக்கத் தொடங்கினான்.

வார்டன் வந்தார். தரையில் கிடந்தவனைப் பார்த்தார். இருபது பேரையும் பார்த்தார். இருபது பேரும் சொல்லிவைத்ததுபோல, "வழுக்கி விழுந்துட்டாரு சார்" என்றார்கள். தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த குச்சியை வார்டன் ரொம்ப நேரம் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். ஏழு பக்கம். மூன்று நகல். மறுநாள் குழு வேறு வருகிறது.

"இந்தத் தரையை மாத்தச் சொல்லி எழுதணும்" என்றார்.

கம்பவுண்டர் சீட்டு எழுதினார்: தாடை இரண்டு இடத்தில் முறிவு, பல் ஆறு, மணிக்கட்டு ஒன்று. பதிவேட்டில் ஒரு வரி ஏறியது: 'சண்டை. சம்பந்தப்பட்டவர்: ஒருவர்.' லீடரின் பெயர் முதல் முறையாக எழுதப்பட்டது. நான்கோடு இரண்டு சேர்த்து ஆறு. அவன் இன்னும் பச்சைதான்.

*

மேடையில் பேச வேண்டியவனின் வாயைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் டாக்டர் நாற்காலியில் சரிந்தார். அரை மணி நேரம் அப்படியே இருந்தார். மறுமதிப்பீட்டுக் கோப்பு மேஜையில் கிடந்தது. சும்மா புரட்டினார். குச்சி: அறுபது நாளில் சம்பவம் எதுவும் இல்லை. ஒன்பது. பச்சை.

முப்பத்தொன்றிலிருந்து ஒன்பது! டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். நான்கு எடுத்து நான்கிலேயே இருந்தவனை வைத்துக்கொண்டு என்ன வரைபடம் போட முடியும்? இதுவல்லவோ சரிவு! இரண்டு மணி நேரத்தில் வரைபடம் தயார். கோடு இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சறுக்குமரம்போல இறங்கியது. எதற்காக இறங்கியது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அல்லது கேட்டு, பதில் வருவதற்குள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். குச்சியைக் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார்.

மறுநாள் கூட்டம். குழுவில் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள். அக்கா கடைசி வரிசைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் தாடைக் கட்டோடு லீடர். புகைப்படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்காரவைத்திருந்தார்கள். கதவோரம் கம்பவுண்டர்.

டாக்டர் நாற்பது நிமிஷம் பேசினார். வன்முறை உந்துதல், அதன் தணிவு, அளவுகோலின் துல்லியம். "இந்த இளைஞனுக்குள் இருந்த மிருகம் அறுபது நாளில் உறங்கிவிட்டது" என்று சொல்லிக் குச்சியை முன்னால் நிறுத்தினார்.

நீதிபதி அம்மாள் பரிவாகக் கேட்டார். "தம்பி, இனிமே யாராவது உன்னை அடிச்சா என்ன செய்வே?"

குச்சி சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். "மூச்சை உள்ள இழுத்து, பத்து வரைக்கும் எண்ணுவேன் மேடம்."

"நல்ல பழக்கம். எண்ணிப் பார்த்திருக்கியா?"

டாக்டர் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான். குச்சி கூடத்தைப் பார்த்தான். முன்வரிசையில் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், காயடித்த மாட்டைப் பார்த்துச் சிரிப்பதுபோல. கடைசி வரிசையில் கட்டுக்கு மேலே தெரிந்த இரண்டு கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அறுபது நாளில் அவன் செய்த ஒரே காரியத்தை இந்த வரைபடம் துடைத்துப்போட்டிருந்தது. அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எண்ணியிருக்கேன் மேடம். அஞ்சு வரைக்கும்."

"அப்புறம்?"

"அஞ்சுலயே அவன் எந்திரிக்கல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு?" என்றார் நீதிபதி அம்மாள்.

"அதோ, கடைசில உக்காந்திருக்கான். நேத்து காலையில. வாளியால. நான்தான் அடிச்சேன்."

கண்காணிப்பாளர் பாதி எழுந்தார். டாக்டர் முழுதாக எழுந்தார். அவர் முகம் ஒரு கணம் வெளுத்து, மறுகணமே ஒளி பெற்றது. பெரிய மூளைகள் நெருக்கடியில்தான் வேலை செய்கின்றன.

"குழு கவனிக்க வேண்டும்" என்றார். "பதிவேட்டைப் பாருங்கள். நேற்று நடந்த சம்பவத்தில் சம்பந்தப்பட்டவர் ஒருவர் மட்டுமே. இவன் பெயரே இல்லை. வேறொருவனுடைய தவறைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இவனிடம் குற்றவுணர்வு மலர்ந்திருக்கிறது. பன்னிரண்டாம் கேள்வியில் இவனுக்கு நான் மூன்று போட்டிருந்தேன். இப்போதே அதைப் பூஜ்யமாக்குகிறேன்."

பதிவேடு கைமாறியது. நீதிபதி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வாழ்நாள் முழுக்க எழுத்தில் இருப்பதை நம்பித் தீர்ப்புச் சொன்னவர்.

"வார்டன், இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க மேடம்."

"வேற யாராவது இருந்தாங்களா?"

வார்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "தரை வழுக்குது மேடம்."

பின்வரிசையில் லீடர் எழுந்து நின்று, கம்பி கட்டிய வாயால் ஏதோ சொல்ல முயன்றான். ங், ங் என்று ஒரு சத்தம் வந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த அதிகாரி அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். அது நான்காவது அடி விழுந்த தோள். யாரோ கை தட்டினார்கள். கூடம் முழுவதும் தட்டியது. குச்சிக்கு ஆறு புள்ளி. பச்சைத் தாளில் மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். அளவுகோல் இன்னும் ஒன்பது இல்லங்களுக்குப் போவதும் முடிவானது.

கம்பவுண்டர் மட்டும் வெளியே வரும்போது குச்சியைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடி போட்டிருந்தார்.

"உண்மையைச் சொன்னேனே சார், யாரும் நம்பல" என்றான் குச்சி.

"நான் நம்புனேன்டா" என்றார் அவர். "தச்சது நான்தானே. நாலாவது அடியும் அஞ்சாவது அடியும் தேவையே இல்ல."

குச்சி அக்காவைத் தேடி நடந்தான்.

*

பஸ்ஸில் கூட்டம். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியின் துணிப்பையைத் தானே வைத்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் போனதும் கேட்டாள்:

"நிஜமாவாடா?"

"ம்."

"அவன் அடிக்க வந்தான். நீ அடிச்சே. அவ்வளவுதானே?"

குச்சி வெளியே பார்த்தான். கடைகள், விளம்பரப் பலகைகள், எட்டு மாதமாகப் பார்க்காத மனிதர்கள். "மொதல் அடி பயத்துல அடிச்சேன்க்கா."

"சரி."

"ரெண்டாவதுலருந்து பயம் போயிடுச்சு." அவன் குரலில் ஒளிவுமறைவே இல்லை, பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற பிள்ளையின் குரல். "அப்புறம் நல்லா இருந்துச்சு. அந்த அஞ்சாவது இருக்கே, அதை மெதுவாத்தான் அடிச்சேன்."

அக்கா தோளில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பக்கத்து இருக்கையில் ஒரு தடித்த ஆள் தனக்கு ஒன்று, தன் பைக்கு ஒன்று என்று இரண்டு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தான். அக்கா, "பையைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா, கால் வலிக்குது" என்றாள்.

"முன்னாடி போம்மா, எடம் இருக்கும்."

குச்சி குனிந்தான். அந்த ஆளின் காதுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஏதோ சொன்னான். சிரித்த முகமாகத்தான் சொன்னான், குரலும் உயரவில்லை. அந்த ஆள் பையை எடுத்தான். பிறகு தானும் எழுந்தான். அடுத்த நிறுத்தத்தில், அது அவன் இறங்க வேண்டிய இடமாகத் தெரியவில்லை, இறங்கிவிட்டான்.

"என்னடா சொன்னே?"

"ஒண்ணுமில்லக்கா. உக்காரு."

அவள் இன்னும் சற்று நேரம் நின்றாள். தினமும் பத்து மணி நேரம் நிற்கிற கால்கள்; கடைசியில் உட்கார்ந்தாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, கால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டான். பச்சைத் தாள் அவன் சட்டைப்பையில் நான்காக மடிந்து இருந்தது.

பஸ் ஒவ்வொரு இடமாக நின்று போனது. ஏறுகிறவர்களை அக்கா ஒவ்வொருவராகப் பார்த்தாள். மூட்டைக்காரன், குடைக்காரன், கையில் பிள்ளையோடு ஒரு பெண், அவசரமாக உள்ளே முண்டுகிற காலேஜ் பையன்கள். தம்பியின் நீட்டிய கால் நடைபாதையில் கிடந்தது. அதை மடக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பார்த்துப் போங்க, பார்த்துப் போங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே, வீடு வரும்வரை அந்தக் காலுக்குக் காவல் இருந்தாள்.